‘ஒரு சம்பவமும் பதிவாகவில்லை’ என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளரிளம் பருவத்தினருக்கான மனநலச் சிகிச்சை மையங்கள் பற்றி உங்கள் நாளிதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை, குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் அதில் ஒரே ஒரு வரி மட்டும் இரண்டு நாளாக என்னை விடவில்லை. கடந்த ஓராண்டில் எங்களிடம் கடுமையான பாதுகாப்புச் சம்பவம் ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்று ஒரு மையத்தின் நிர்வாகி பெருமையாகச் சொல்லியிருக்கிறார், உங்கள் நிருபரும் அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

நான் பதினொரு வருடம் இப்படிப்பட்ட வார்டுகளில் செவிலியராக வேலை பார்த்தவள். 12 வயது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகள், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறவர்கள், கோபம் தலைக்கேறினால் கையில் கிடைத்ததைத் தூக்கி வீசுகிறவர்கள், சாப்பிடவே மறுக்கிறவர்கள், வீட்டை விட்டு நாலு முறை ஓடிப்போனவர்கள், இப்படி இருபது பேரை ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டு ஒரு வருடம் முழுக்க ஒன்றுமே நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் என்னால் நம்ப முடியாது. நடந்திருக்கும். யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். எழுதியிருந்தாலும் அந்தத் தாள் கட்டடத்தின் வாசலைத் தாண்டியிருக்காது.

நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். சம்பவ அறிக்கை எழுதினால் மட்டும் போதாது, அது அன்றே அல்லது மறுநாளே அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போக வேண்டும், அந்த நிர்வாகத்திடம் சம்பளம் வாங்காத ஒருவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மற்ற எல்லாம் அப்புறம்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே ஒரு பொய்யான அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், நைட் டியூட்டி. 15 வயதுப் பெண் ஒருத்தி தூக்கம் வராமல் நடைபாதையில் உலாத்திக்கொண்டிருந்தாள், அறைக்குப் போகச் சொன்னதற்கு மறுத்தாள், குரல் உயர்ந்தது, அட்டெண்டர்கள் இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். எல்லாம் மூன்று நிமிடம்கூட இருக்காது. பிடித்ததில் அவள் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்டு, விடிகாலையில் அறிக்கை எழுத உட்கார்ந்தபோது இன்சார்ஜ் வந்து என் பக்கத்தில் நின்றார். கட்டிலில் இருந்து இறங்கும்போது தடுமாறி விழுந்ததில் காயம் என்று எழுதச் சொன்னார். மிரட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ரொம்பக் கனிவாகத்தான் சொன்னார். ‘அவங்க ரெண்டு பேருக்கும் குடும்பம் இருக்கு, வேணும்னா பண்ணாங்க?’ என்றார். நான் எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். அவளிடம் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, அந்தப் படிவத்தில் அதற்கு இடமே இல்லை. பெற்றோருக்குப் போன் போனது இரண்டு நாள் கழித்து. அவர்களிடமும் கட்டில் கதைதான் சொல்லப்பட்டது. அந்தப் பெண் தன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருப்பாள், நிச்சயமாகச் சொல்லியிருப்பாள். ஆனால் மனநல வார்டில் இருக்கும் பிள்ளை சொல்வதையும் செவிலியர் கையெழுத்திட்ட தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரை நம்புவார்கள்?

அந்த அறிக்கை எங்கே போனது தெரியுமா? இன்சார்ஜிடமிருந்து கண்காணிப்பாளர் மேஜைக்கு, அங்கிருந்து ஒரு ஃபைலுக்கு. அதோடு சரி. என்னையும் சேர்த்து மூன்று பேரும் ஒரே நிர்வாகத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள்.

சம்பவ அறிக்கைகளின் மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பொய் பெரும்பாலும் பொய்யாக எழுதப்படுவதில்லை. ‘நோயாளி கட்டுப்படுத்தப்பட்டார்’ என்று இருக்கும், யார் பிடித்தார்கள், எத்தனை பேர், குப்புறக் கிடத்தியா மல்லாத்தியா, எத்தனை நிமிடம் என்று இருக்காது. ‘நோயாளி கிளர்ச்சியுற்ற நிலையில் இருந்தார்’ என்று இருக்கும், அதற்கு முன்னால் அந்தப் பையனின் வீட்டுப் போன் அழைப்பு ரத்து செய்யப்பட்டது என்பது இருக்காது. ‘காயம் கண்டறியப்பட்டது’ என்பது எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியம், காயம் என்னவோ தானாக வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி. அன்றைக்கு வார்டில் எத்தனை பேர் டியூட்டியில் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கேள்வி நான் பார்த்த எந்தப் படிவத்திலும் கிடையாது. அது இருந்தால் பாதிச் சம்பவங்களுக்குக் காரணம் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும், அதனால்தான் இல்லையோ என்னவோ.

அடுத்தது கண்காணிப்புத் தாள். ஆபத்து அதிகம் என்று மருத்துவர் குறித்த பிள்ளையை 15 நிமிடத்துக்கு ஒரு முறை நேரில் போய்ப் பார்த்து, மூச்சு இருக்கிறதா, தூங்குகிறானா என்று பார்த்து, நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்யும் இரவில் என்ன ஆகிறது என்றால், 2.00, 2.15, 2.30, 2.45 என்று எல்லாக் கட்டத்திலும் மொத்தமாகக் கையெழுத்து விழுந்துவிடுகிறது, சில நேரம் மணி இரண்டு ஆவதற்கு முன்பே. ஒன்றும் ஆகாத இரவுகளில் இது யாருக்கும் தெரியாது. இதுவும் ஒரு பாதுகாப்புச் சம்பவம்தான், நூலிழையில் தப்பியது என்று எழுத வேண்டிய வகை. நான் பார்த்தவரை ஒருவர்கூட இதை எழுதியதில்லை. நானும்தான்.

சரி, வெளியே அனுப்பு என்று சட்டம் போட்டால் நடக்குமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் போட்டிருக்கிறார்கள், அது எங்கே வேலை செய்கிறது, எங்கே ஓட்டையாகிறது என்பதைப் பார்த்தால் நமக்கு நிறையப் புரியும்.

அங்கே 1998இல் ஹார்ட்ஃபோர்டு கோரன்ட் என்ற நாளிதழ், மனநல, மனவளர்ச்சிக் குறைபாட்டு மையங்களில் கட்டிவைத்ததிலும் பிடித்து அழுத்தியதிலும் தனியறையில் அடைத்ததிலும் இறந்துபோனவர்களைத் தேடி நாடு முழுக்க விசாரித்தது. பத்து ஆண்டுகளில் 142 மரணங்களை அவர்களால் உறுதிப்படுத்த முடிந்தது. அதில் 26 சதவீதத்துக்கு மேல் குழந்தைகள். இதைக் கவனியுங்கள், இந்தக் கணக்கை எடுத்தது ஒரு பத்திரிகை. எந்த அரசு அலுவலகத்திலும் அப்படி ஒரு பட்டியல் இல்லாததால்தான் பத்திரிகை எடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தொடர் கிளப்பிய சூட்டில்தான் 2000இல் குழந்தைகள் நலச் சட்டம் வந்தது, 2001இல் விதிகள் வந்தன.

அந்த விதி அரசுக் காப்பீட்டுப் பணத்தில் இயங்கும் வளரிளம் பருவத்தினருக்கான தங்கும் மனநலச் சிகிச்சை மையங்களுக்கானது. மரணம், கடுமையான காயம், தற்கொலை முயற்சி, இந்த மூன்றில் எது நடந்தாலும் அடுத்த வேலைநாள் அலுவலக நேரம் முடிவதற்குள் இரண்டு இடங்களுக்குத் தகவல் போக வேண்டும். ஒன்று, பணம் கொடுக்கும் மாநில அரசு அமைப்பு. இன்னொன்று, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்க ஒவ்வொரு மாநிலத்திலும் தனியாக இருக்கும் அமைப்பு, மையத்துக்குள் நுழைந்து விசாரிக்கும் அதிகாரம் இதற்குச் சட்டப்படி உண்டு. மரணம் என்றால் மத்திய அரசின் மண்டல அலுவலகத்துக்கும் சொல்ல வேண்டும். பிள்ளை மைனர் என்றால் பெற்றோருக்கு முடிந்தவரை சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள். தகவல் சொல்லியாகிவிட்டது என்பதைப் பிள்ளையின் கேஸ் ஷீட்டில் எழுதி, அறிக்கையின் நகலை அதிலேயே வைக்க வேண்டும்.

எனக்கு இந்த விதியில் மிகவும் பிடித்தது வேறொன்று. பிடித்துக் கட்டுப்படுத்திய 24 மணி நேரத்துக்குள், அதில் ஈடுபட்ட பணியாளர்களும் அந்தப் பிள்ளையும் நேருக்கு நேர் உட்கார்ந்து என்ன நடந்தது, அடுத்த முறை எப்படித் தவிர்க்கலாம் என்று பேச வேண்டும். பிள்ளையும் அதில் பேச வேண்டும் என்பதே விதி. என் 15 வயதுப் பெண்ணுக்கு அப்படி ஒரு அரை மணி நேரம் கிடைத்திருந்தால் கட்டில் கதை மறுநாளே உடைந்திருக்கும்.

இவ்வளவு நல்ல விதி இருந்தும் என்ன ஆயிற்று? 2007இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கணக்குத் தணிக்கை அமைப்பு, பிரச்சினையுள்ள இளைஞர்களுக்கான தங்கும் மையங்களை ஆராய்ந்தது. 1990க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான துன்புறுத்தல் புகார்கள், சில மரணத்தில் முடிந்தவை. 2005ஆம் ஆண்டில் மட்டும் 33 மாநிலங்கள் தந்த கணக்கில் 1,619 பணியாளர்கள் துன்புறுத்தல் சம்பவங்களில் சம்பந்தப்பட்டிருந்தார்கள். மொத்த நாட்டுக்கும் சேர்த்து முழுக்கணக்கு வைத்திருக்கும் இடம் எது என்று தேடினால், அப்படி ஓர் இடமே இல்லை என்றது அந்த அறிக்கை. முகாம், பள்ளி, அகாடமி என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்ட மையங்கள் பல அந்த விதிக்குள்ளேயே வருவதில்லை. அதாவது ஒரு மையம் எந்த வகை உரிமம் வைத்திருக்கிறது, யார் பணத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒரு குழந்தையின் உடைந்த கை ‘சம்பவம்’ ஆகிறது அல்லது ஆகாமல் போகிறது.

2024 ஜூனில் அமெரிக்க செனட்டின் நிதிக் குழு இரண்டு ஆண்டு விசாரணைக்குப் பிறகு வெளியிட்ட அறிக்கையையும் உங்கள் நிருபர் படிக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் நடத்தும் தங்கும் சிகிச்சை மையங்களில் உடல் ரீதியான, பாலியல் ரீதியான துன்புறுத்தலும், தவறாகப் பிடித்துக் கட்டுப்படுத்துவதும் தனியறையில் அடைப்பதும் அபூர்வமாக நடப்பவை அல்ல என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். ஆட்களைக் குறைத்து லாபம் பார்ப்பதையும் அதோடு சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நிறுவனங்களில் நடக்கும் குழந்தைத் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான சட்டம் ஒன்று கையெழுத்தானது. பதின்வயதில் இப்படியொரு மையத்தில் இருந்த பாரிஸ் ஹில்டன் பல வருடம் அதற்காக அலைந்தார். பிரபலம் என்பதால் கேட்டார்கள், அதுவாவது நடந்ததே.

அந்த 2001 அமெரிக்க விதியில் இன்னொரு ஓட்டை வார்த்தையில் இருக்கிறது. கடுமையான காயம் என்றால் என்ன என்று அங்கே விளக்கம் தந்திருக்கிறார்கள்: தீக்காயம், வெட்டுக்காயம், எலும்பு முறிவு, பெரிய ரத்தக்கட்டு, உள்ளுறுப்புக் காயம் போன்ற உடல் பாதிப்புகள், தானே ஏற்படுத்திக்கொண்டதாக இருந்தாலும் பிறர் ஏற்படுத்தியதாக இருந்தாலும். படித்தால் விபத்துப் பிரிவுக்கு எழுதியது மாதிரி இருக்கிறது. எல்லாம் எக்ஸ்ரேயில் தெரிவது, கண்ணால் பார்ப்பது. பாலியல் அத்துமீறல் அந்த மூன்று வகைகளில் தன் பெயரோடு இல்லை. வேறு சட்டங்களின்படி அதைப் புகார் செய்தே ஆக வேண்டும் என்பது உண்மைதான், ஆனாலும் இந்தப் பட்டியலில் இல்லை. இரவெல்லாம் தனியறையில் அழுதுவிட்டு மறுநாளிலிருந்து ஆறு வாரம் பேசாமலே இருந்த ஒரு பையனை எனக்குத் தெரியும், அவன் எந்த வகையில் வருவான்? மனநலச் சிகிச்சைக்கு என்று வந்த இடத்தில் மனதுக்கு ஏற்பட்ட காயம் கணக்கில் வராது என்பதைவிட அபத்தம் இருக்க முடியுமா?

இந்த ஒரு விஷயத்தில் இங்கிலாந்தின் விதி கொஞ்சம் பரவாயில்லை. 2014இல் அங்கே அரசு மருத்துவமனைகளுக்கு, தவறு நடந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற கடமையைச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள், அடுத்த ஆண்டு மற்ற சிகிச்சை நிறுவனங்களுக்கும் வந்தது. நோயாளியிடமோ அவர் சார்பில் இருப்பவரிடமோ நேரில் சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை எழுத்திலும் தர வேண்டும். தொடர்ந்து 28 நாட்களுக்குக் குறையாமல் நீடிக்கும் உளவியல் பாதிப்பும் அங்கே பாதிப்பாகக் கணக்கில் வருகிறது. மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று நம் நிர்வாகிகள் பயப்படுவார்கள் இல்லையா, மன்னிப்புக் கேட்பது மட்டுமே பொறுப்பை ஏற்றதாகாது என்று அங்கே 2006லேயே தனியாக ஒரு சட்டத்தில் எழுதிவிட்டார்கள். வக்கீல்கள் சொல்லும் அந்தச் சாக்கு அங்கே எடுபடாது. பலப்பிரயோகம் பற்றியும் 2018இல் ஒரு சட்டம் வந்தது. 2010இல் மருத்துவமனையில் போலீசார் பிடித்து அழுத்தியதில் இறந்த ஒலசேனி லூயிஸ் என்ற 23 வயது இளைஞரின் பெயரால் சேனி சட்டம் என்கிறார்கள். மனநலப் பிரிவில் யாரை எப்போது பிடித்தாலும், மிக அற்பமானதைத் தவிர, பதிவு செய்ய வேண்டும், அந்தக் கணக்கை வயது வாரியாக வெளியிடவும் வேண்டும்.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் காகிதத்தில் மோசமில்லை. தனியறையில் அடைத்து வைப்பது கூடவே கூடாது என்கிறது. உடனடி ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் கட்டுப்படுத்தலாம், நியமிக்கப்பட்ட பிரதிநிதிக்கு, மைனர் என்றால் பெரும்பாலும் பெற்றோருக்கு, 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மைனர்களைச் சேர்த்தாலே 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். நல்லது. ஆனால் கட்டுப்படுத்திய சம்பவங்களின் அறிக்கை வாரியத்துக்குப் போவது மாதம் ஒருமுறை. மாதக் கடைசியில் முப்பது நாள் நினைவுகளை ஒருவர் உட்கார்ந்து தொகுத்து எழுதும்போது அது எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது டியூட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும். காயத்தின் நிறம் மாறியிருக்கும், அட்டெண்டர் வேறு வார்டுக்கு மாற்றப்பட்டிருப்பார், கேமராப் பதிவு அழிந்திருக்கும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012ஆம் ஆண்டு சட்டத்தைப் பாருங்கள், தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே அங்கே தண்டனைக்குரிய குற்றம், நிறுவனத்தின் பொறுப்பாளராக இருந்தால் தண்டனை இன்னும் கூடும். எலும்பை உடைத்ததை மறைப்பதற்கும் அந்த அளவு பயம் ஏன் இருக்கக் கூடாது?

நேரம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு மையத்தில் 16 வயதுப் பையன் சாப்பாட்டுக் கூடத்தில் சாண்ட்விச்சைத் தூக்கி எறிந்தான். சாண்ட்விச், வேறொன்றுமில்லை. பணியாளர்கள் பலர் சேர்ந்து அவனைத் தரையில் போட்டு அழுத்திப் பிடித்தார்கள், மூச்சுவிட முடியவில்லை என்று அவன் கத்தியதாகக் குடும்பத்தினர் தொடுத்த வழக்கில் சொல்லப்பட்டது. அசைவில்லாமல் போன பிறகும் ஆம்புலன்சை அழைக்கத் தாமதித்தார்கள். இரண்டு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தான், பிரேதப் பரிசோதனையில் அது கொலை மரணம் என்று முடிவானது. வழக்கு போடப்பட்ட மூன்று பேரில் ஒருவர் செவிலியர், ஆம்புலன்சை அழைக்காமல் நின்றதற்காக. என் தொழில்காரர். அந்தப் பெயரைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அங்கே கேமரா இருந்தது, அந்தக் காட்சி வெளியே வந்தது. கேமரா இல்லாமல் இருந்து, அந்தப் பையன் உயிர் பிழைத்தும் இருந்தால், அறிக்கையில் என்ன எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? ‘நோயாளி கட்டுப்படுத்தப்பட்டார், பின்னர் அமைதியடைந்தார்’. இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை படித்திருக்கிறேன் தெரியுமா.

(இடையில் ஒன்று, வார்டில் வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: பேச முடிகிறது என்றால் மூச்சுவிட முடிகிறது என்று அர்த்தம் என்று நமக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அது தவறு. குப்புறக் கிடத்தி முதுகில் எடை ஏற்றினால் நாலு வார்த்தை கத்த முடிகிற பிள்ளைக்கும் போதிய காற்று கிடைக்காமல் போகலாம்.)

இனி எங்கள் பக்கம். பணியாளர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் பயம். எழுதினால் முதலில் கேட்கப்படும் கேள்வி ‘நீ எங்கே இருந்தாய்’ என்பதுதான், ‘உன்னோடு எத்தனை பேர் இருந்தார்கள்’ என்பது இல்லை. இரண்டாவது காரணம் அலுப்பு. எழுதி எழுதி அனுப்பியும் ஒரு பதிலும் வராவிட்டால், அந்தக் கதவின் உடைந்த தாழ்ப்பாள் ஆறு மாதமாக அப்படியே தொங்கினால், ஏழாவது முறை யார் எழுதுவார்கள்?

பிற்பாடு நான் வேலை பார்த்த இன்னொரு இடத்தில் புதிதாக ஒரு இன்சார்ஜ் வந்தார். முதல் நாளே எங்களைக் கூப்பிட்டு, எழுதியதற்காக யாரையும் நான் திட்டமாட்டேன், எழுதாமல் விட்டது தெரிந்தால் மட்டும் கூப்பிடுவேன் என்றார். சொன்னபடியே நடந்துகொண்டார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் போன வார அறிக்கைகளை எங்கள் முன்னால் படித்து, எதற்கு என்ன செய்யப்பட்டது என்று சொல்வார், ஒன்றும் செய்ய முடியவில்லை என்றால் அதையும் சொல்வார். ஆறு மாதத்தில் எங்கள் வார்டின் அறிக்கைகள் மளமளவென்று ஏறின. மேலிடம் பதறிப்போய், என்ன நடக்கிறது உங்கள் வார்டில் என்று அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. உண்மையில் அடிதடி குறைந்திருந்தது, பிடித்துக் கட்டுப்படுத்துவது குறைந்திருந்தது, கூடியது எழுதுவது மட்டும்தான். இது ஏதோ எங்கள் வார்டின் அதிசயம் என்று அப்போது நினைத்தேன். ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களிலேயே மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாகச் செயல்படும் குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகக் கணக்கில் வந்ததைக் கண்டு முதலில் குழம்பிப்போனார் என்று பின்னால் படித்தேன். அங்கே தவறு அதிகமாக நடக்கவில்லை, பயமில்லாமல் சொன்னார்கள்.

அதனால்தான் அந்த நிர்வாகியின் பூஜ்ஜியம் எனக்குப் பெருமையாகத் தெரியவில்லை. இருபது பிள்ளைகள் உள்ள வார்டில் வருடத்துக்கு நாற்பது சிறிய அறிக்கைகளும் இரண்டு பெரிய அறிக்கைகளும் வந்தன, இரண்டும் மறுநாளே வெளியே போயின, பெற்றோருக்கு அன்றே போன் போனது என்று ஒருவர் சொன்னால் என் பிள்ளையை அங்கே சேர்க்க யோசிக்க மாட்டேன்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சேர்க்கும்போது சுவர் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, தோட்டம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். போன வருடம் எத்தனை முறை பிள்ளைகளைப் பிடித்துக் கட்டுப்படுத்தினீர்கள், அதை யாருக்கு அனுப்பினீர்கள், எங்களுக்கு எத்தனை மணி நேரத்தில் சொல்வீர்கள், எழுத்தில் தருவீர்களா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் அதுவே பதில். சேர்த்த பிறகு, போனில் பேசும்போது பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பிள்ளையிடம் ஆம், இல்லை என்று பதில் சொல்கிற மாதிரி கேளுங்கள். காயம் தெரிந்தால் தேதியோடு படம் எடுத்து வையுங்கள், அறிக்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள். பிள்ளை சொல்வது முன்னுக்குப் பின் முரணாக இருக்கும், தேதி தப்பாக இருக்கும், சில நேரம் நடக்காததையும் சொல்லும். அதற்காக நடந்ததைச் சொல்லவில்லை என்று ஆகிவிடாது.

உங்கள் நாளிதழிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை இப்படி ஒரு மையத்துக்கு நிருபரை அனுப்பினால், ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று யாராவது சொல்லும்போது பேனாவை மூடிவிடாமல் சம்பவப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பெயரை மறைத்துக் காட்டட்டும். கடைசியாக எந்தத் தேதியில் எழுதப்பட்டிருக்கிறது, எல்லாம் ஒரே கையெழுத்தா, ஒரே மையா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அப்புறம் அந்த அறிக்கை யாருக்கு அனுப்பப்பட்டது என்று கேட்டு, அந்த ‘யாருக்கு’ என்ற இடத்துக்கும் ஒரு போன் போட்டு வந்ததா என்று கேட்கச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பதை நெருங்கியிருக்கும். எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய கேஸ் ஷீட் எங்காவது ஒரு அலமாரியில் இருந்தால் அதில் கட்டிலில் இருந்து விழுந்தாள் என்றுதான் இன்னமும் இருக்கும், கீழே என் கையெழுத்து இருக்கும். அவள் அப்படி விழவில்லை என்பதை உங்கள் பத்திரிகையிலாவது பதிவு செய்துவிடலாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

என் பெயரை வெளியிட வேண்டாம். இவ்வளவும் சொல்லிவிட்டுப் பெயரை மறைக்கிறாளே என்று நினைப்பீர்கள், நியாயம்தான். அதே தொழிலில் என் தங்கை இன்னும் இருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் மனநலச் செவிலியர்